பங்களா முற்றத்து ஊசியிலை மரத்தில் கிடைத்த கூன்வண்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கு அருகிலுள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் மூன்று படங்களை அனுப்பிக் கேட்டிருக்கும் கேள்வி இது. பள்ளிக்குப் பின்னாலுள்ள பழைய துரை பங்களாவின் முற்றத்தில் நிற்கும் 'பைன்' மரத்திலிருந்து மாணவன் ஒருவன் மூக்கு நீண்ட வண்டு ஒன்றை, அதாவது ஒரு கூன்வண்டை, பிடித்து வந்திருக்கிறான். நீளம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், கரும்பழுப்பு நிறம், முதுகில் ஆங்காங்கே வெளிறிய திட்டுகள். கைப்பேசிச் செயலி அதை 'ஹைலோபியஸ் அபியெட்டிஸ்' என்கிறது. அது சரிதானா, சரியென்றால் அதை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்கிறார்.

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். செயலி சொன்ன பெயரை நான் ஏற்கவில்லை. படங்களைப் பார்த்து நான் ஊகிக்கும் பெயர் வேறு. அதையும் நீங்கள் ஊகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பதிவு செய்வதற்கு இந்தப் பெயர்ச் சிக்கல் தடையே இல்லை. எந்த மரம், எந்த இடம், எந்த நாள், மரத்தின் எந்தப் பகுதி, வண்டு அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஐந்தையும் இந்த வாரம் எழுதாவிட்டால் அடுத்த மாதம் யாராலும் எழுத முடியாது. பெயரைப் பத்தாண்டு கழித்தும் எழுதலாம். எழுதியதை அடித்துத் திருத்தலாம்.

முதலில் செயலி காட்டிய வண்டைப் பற்றிச் சொல்கிறேன். 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் விவரித்த இனம் அது. ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரையுள்ள ஊசியிலைக் காடுகளில் வாழ்கிறது. காட்டை வெட்டிய இடத்தில் மிஞ்சும் புதிய அடிக்கட்டைகளின் வேர்ப் பகுதியில் முட்டையிடும். பட்டைக்கு அடியில் புழு வளரும். வெளிவரும் வண்டுகள் அதே இடத்தில் புதிதாக நட்ட கன்றுகளின் பட்டையைக் கடித்துத் தின்று அவற்றைச் சாகடிக்கும். செம்பனை மறுநடவின்போது சாய்த்த மரங்கள் மட்கும் இடத்தில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றுகளின் குருத்தைத் துளைப்பதை நம் தோட்டங்களில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. மரமும் வண்டும் மட்டும் வேறு. ஐரோப்பியக் காட்டுத்துறையினர் மிகவும் அஞ்சும் பூச்சிகளில் ஒன்று என்பதால் அதற்குப் படங்களும் ஏராளம். செயலியோ தனக்குப் பயிற்சியாகக் காட்டப்பட்ட படங்களில் எது மிகுதியோ அதன் பக்கம் சாயும். பழுப்பு நிறம், மூக்கு, பின்னணியில் ஊசியிலை என்று மூன்றும் கூடிவிட்டால் அதற்குப் போதும். வண்டு தாப்பாவில் பிடிபட்டதா சுவீடனில் பிடிபட்டதா என்று அது கேட்காது.

நாம் கேட்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இயற்கையாக வளரும் பைன் இனம் ஒன்றுகூட இல்லை. மிக அருகில் என்றால், நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் பைனஸ் மெர்குசி இருக்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கேயும் தானாக வளரும் ஒரே பைன் அதுதான். இங்கே நிற்கும் பைன்கள் எல்லாம் காகிதக் கூழுக்காகவோ அழகுக்காகவோ மனிதர் கொண்டுவந்து நட்டவை. பைன் இயற்கையாக வளரும் ஆசியப் பகுதிகளில் அதற்கென்றே வாழும் கூன்வண்டுகள் உண்டு. சீனாவின் யூனான் மாநிலத்துப் பைன்களைத் தாக்கும் பிசோடிஸ் யூனானென்சிஸ் அவற்றில் ஒன்று. அத்தகைய வண்டு தாப்பாவில் கிடைத்தால் அது பெரும்பாலும் சரக்கோடு வந்ததாக இருக்கும்: பட்டை நீக்காத மரம், பொதிப்பெட்டி, கிறிஸ்துமஸுக்காகக் கப்பலில் வரும் மரங்கள் ஆகியவையே அதற்கு வழி. பொதி மரத்தை, அதன் உட்புறம் 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கி முத்திரை குத்த வேண்டும் என்ற பன்னாட்டு விதி இத்தகைய பயணிகளுக்காகவே வந்தது. ஆகவே செயலியின் பெயரை அப்படியே பதிந்தால், "ஐரோப்பியக் காட்டுப் பூச்சி மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டது" என்று நீங்கள் அறிவிப்பதாக ஆகிவிடும். அதற்கு ஒரு கைப்பேசிப் படம் போதாது.

இனி மரத்துக்கு வருவோம். வண்டைவிட மரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் அனுபவம். நம் ஊர்களில் 'பைன்' என்ற பெயரில் குறைந்தது மூன்று வகை மரங்கள் நிற்கின்றன. முதலாவது சவுக்கு, மலாய்க்காரர்கள் ரூ என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊசியிலை மரம் போலவே தோன்றும், காயும் சிறு கூம்பைப் போல இருக்கும், ஆனால் அது பூக்கும் தாவரம். ஊசியிலை மரங்களோடு அதற்கு உறவில்லை. நாம் ஊசி என்று நினைப்பது அதன் பச்சைச் சிறுகிளை. இரு விரல்களால் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றிச் சிறு பற்களைப் போல நிற்கும் செதில்களே உண்மையான இலைகள். இரண்டாவது அரௌகேரியா. நாற்றங்கால்களில் நார்ஃபோக் தீவு பைன் என்று விற்பதும் இந்த வகைதான். கிளைகள் கோபுர நிலைகளைப் போல அடுக்கடுக்காக வட்டமிட்டு நிற்கும், இலைகள் தனித்தனியாகக் கிளையை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். இது ஊசியிலை மரமே, ஆனால் பைன் அன்று. இதன் தாயகம் தென் பசிபிக். மூன்றாவதுதான் மெய்யான பைன். அதன் ஊசிகள் பொதுவாகத் தனியாக நிற்பதில்லை. அடியில் மெல்லிய உறை கட்டிய கொத்துகளாக வரும். கொத்துக்கு இரண்டு ஊசி என்றால் மெர்குசியாக இருக்கலாம், பெரும்பாலும் மூன்று என்றால் கரிபியன் பைனாக இருக்கலாம்.

உங்கள் இரண்டாம் படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் கிளை அரௌகேரியாவைப் போல இருக்கிறது. அப்படியானால் ஹைலோபியஸ் என்ற பெயர் இன்னும் ஒரு படி விலகிப்போகிறது. அரௌகேரியாவைச் சார்ந்து வாழும் கூன்வண்டுகள் வேறு கூட்டம்: நியூகினியின் அரௌகேரியா மரங்களைத் துளைக்கும் வனாபா ஓபர்தூரி என்ற பெரிய வண்டும், ஆஸ்திரேலியாவில் அம்மரங்களின் பட்டையைத் தின்னும் எசியோட்டிஸும் அவற்றில் அடங்கும். கிளையின் நுனி, இலை கிளையோடு சேரும் இடம், காய் இருந்தால் காய், தள்ளி நின்று எடுத்த முழு மரம் ஆகிய நான்கு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் அளவுள்ள கிளையை நாளிதழ்த் தாள்களுக்கு இடையே வைத்து அழுத்திக் காயவைத்து, வண்டோடு சேர்த்து வையுங்கள். (உங்களுக்கு 60 கிலோமீட்டர் மேலே, கேமரன் மலையின் மேகக் காடுகளில் நம் நாட்டில் இயற்கையாகவே வளரும் ஊசியிலை மரங்கள் இருக்கின்றன: டாக்ரிடியம், போடோகார்ப்பஸ், மலாயில் டாமார் மிஞ்ஞாக் எனப்படும் அகாத்திஸ். அவற்றில் எந்தக் கூன்வண்டுகள் வாழ்கின்றன என்பது எனக்குப் பங்களா மரத்தைவிடப் பெரிய ஆசை. ஆனால் அது வேறொரு நாளுக்கான பேச்சு.)

வண்டைப் பார்க்கும்போது கண் முதலில் நிறத்துக்கே போகும். அதை அடக்கி மூக்கைப் பார்க்கப் பழக வேண்டும். மூக்கு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அது மூக்கன்று. தலையே முன்னோக்கிக் குழலாக நீண்டு, அதன் நுனியில் வாய் அமைந்திருக்கிறது. அந்தக் குழல் உருண்டு நீண்டு வளைந்ததா அல்லது குட்டையாக அகன்றதா என்பது முதல் கேள்வி. குழலின் எந்த இடத்திலிருந்து உணர்கொம்பு கிளம்புகிறது என்பது இரண்டாம் கேள்வி. ஹைலோபியஸில் நுனிக்கு அருகிலிருந்தும், அதோடு அடிக்கடி குழம்பும் பிசோடிஸில் குழலின் நடுப்பகுதியிலிருந்தும் கொம்பு கிளம்பும். ஐரோப்பிய மாணவர்கள் இந்த ஓர் அடையாளத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள். மூன்றாவதாகத் தொடையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே முள்போன்ற பல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது முக்கியம். ஹைலோபியஸில் அது உண்டு. மேலிருந்து மட்டும் எடுத்த படங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெளிவாகத் தெரியாது. பக்கவாட்டிலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, மல்லாக்கப் போட்டு ஒன்று என்று எடுங்கள். ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டர் கோடுகள் தெரியும் அளவுகோலை வண்டின் பக்கத்தில் வையுங்கள். ஐம்பது சென் நாணயம் வேண்டாம். நாணயத்தின் அளவுகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன, வெளிநாட்டில் உள்ளவருக்கு அவை தெரியவும் மாட்டா.

மாணவர்களுக்குப் பயிற்சி வேண்டுமானால் பங்களாவரை போகத் தேவையில்லை, அரிசிப் பானை போதும். பழைய அரிசியில் ஊரும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கருவண்டும் கூன்வண்டுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சின் கீழ் வைத்தால் நீண்ட குழல், முழங்கையைப் போல மடிந்த உணர்கொம்பு, கொம்பின் நுனியில் கதாயுதம் போன்ற தடிப்பு, இறக்கை உறையில் நான்கு செம்புள்ளிகள் எல்லாம் தெரியும். பிறகு அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: அரிசியில் வாழும் சைட்டோஃபிலஸ் ஒரைசே, மக்காச்சோளத்துக்குப் பெயர்போன சைட்டோஃபிலஸ் சியமைஸ் ஆகிய இரண்டையும் வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது, வண்டைத் திறந்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் தீர்ப்பு. நம் அடுப்படி வண்டுக்கே இந்த நிலை. 60,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிடப்பட்டுள்ள ஒரு கூட்டத்தில், ஒரு படத்தைக் காட்டி ஒரு நிமிடத்தில் இனத்தின் பெயரைக் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பது அவர்களுக்கு அப்போது புரியும்.

இப்போது என் ஊகம். உங்கள் மூன்றாம் படத்தில் குழல் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. ஹைலோபியஸின் நீண்டு வளைந்த குழலோடு அது ஒத்துப்போகவில்லை. வெளிறிய திட்டுகளும் ஹைலோபியஸின் மஞ்சள் செதில்களைப் போலக் குறுக்குவாட்டில் வரிசைப்படாமல், எதனாலோ தேய்ந்து மிஞ்சியவை போலச் சிதறிக் கிடக்கின்றன. பக்கவாட்டு ஓரத்தில் மட்டும் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி தெரிகிறது. நம் ஊர்த் தோட்டங்களில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் ஹைப்போமீசிஸ் என்ற கூன்வண்டின் முதிர்ந்த, பொடி உதிர்ந்த உருவம் இது என்று நினைக்கிறேன். புதிதாக மண்ணிலிருந்து வெளிவரும்போது அது தங்கப்பொடி பூசியது போல மின்னும். நாளாக ஆகப் பொடி தேய்ந்து உள்ளேயிருக்கும் கருமை தெரியும். வண்டைப் பிடித்த மாணவனிடம், அன்று அவன் விரலில் மஞ்சள் பொடி ஒட்டியதா என்று மறக்காமல் கேளுங்கள். ஒட்டியது என்றால் அதையும் அவன் சொன்னபடியே எழுதி வையுங்கள். ஆனாலும் பொடி பூசிய குட்டைமூக்குக் கூன்வண்டுகள் இப்பகுதியில் பல உண்டு; ஆகையால் இந்த மூன்று படங்களை வைத்து நான் ஒரு பதிவில் கையெழுத்திட வேண்டுமானால் 'குட்டைமூக்குக் கூன்வண்டு, ஹைப்போமீசிஸாக இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு சொல் எழுத மாட்டேன்.

என் ஊகம் சரியென்றால், அந்த வண்டுக்கும் ஊசியிலை மரத்துக்கும் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. மா, எலுமிச்சை வகைகள், கொக்கோ, தேக்கு என்று கிடைத்த இலையை எல்லாம் ஓரத்திலிருந்து கடிக்கும் பிராணி அது. புழுப் பருவம் மண்ணுக்குள் வேர்களைத் தின்று கழியும். பக்கத்திலுள்ள மாமரத்திலிருந்து பறந்து வந்து அரௌகேரியாவில் இளைப்பாறியிருக்கலாம். இங்கேதான் பதிவு எழுதுகிறவருடைய பொறுப்பு தொடங்குகிறது. 'மரத்தில் இருந்தது' என்பது ஒரு செய்தி, 'மரத்தைத் தின்றது' என்பது வேறு செய்தி, 'மரத்தில் இனம் பெருக்குகிறது' என்பது மூன்றாவது செய்தி. முதலாவதைக் கண்டவர் மூன்றாவதை எழுதிவிட்டால், அந்த ஒரு வரி அட்டவணைக்கு அட்டவணை தாவி, அந்த வண்டு ஊசியிலை மரங்களின் எதிரி என்று நிலைபெற்றுவிடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு நம் தோட்டங்களிலேயே சான்று இருக்கிறது. செம்பனையின் மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இங்கே காய்ப்பிடிப்புக் குறைந்த தோட்டங்களில் மகரந்தத்தைக் கையால் தூவும் வேலைக்கு ஆள் வைத்தார்கள், அந்த வேலையைச் செய்த அம்மாக்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 1970களின் இறுதியில் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூன் நாட்டுக்குச் சென்று செம்பனைப் பூக்களைக் கவனித்து, அங்கே மகரந்தம் சுமப்பவை சிறு கூன்வண்டுகள் என்று காட்டினார். பூவில் உட்கார்ந்திருந்த பூச்சிகள் பல. அவற்றில் எது ஆண்பூவில் முட்டையிட்டு வளர்கிறது, எது பெண்பூவுக்கும் போகிறது, எது வேறு பயிரைத் தொடாது என்பதையெல்லாம் தனித்தனியாகச் சோதித்த பிறகே எலெய்டோபியஸ் கமெருனிக்கஸ் என்ற ஓர் இனத்தைத் தேர்ந்து, 1981இல் ஜொகூரில் விடுவித்தார்கள். கையால் தூவும் வேலை அதோடு முடிந்தது. 'பூவில் வண்டு இருந்தது' என்ற அளவில் நின்றிருந்தால் எந்த வண்டைக் கொண்டுவருவது என்றே தெரிந்திருக்காது.

ஆகவே பங்களா மரத்துக்கு மறுபடியும் போங்கள்; துரை பங்களாவாக இல்லாவிட்டாலும் இன்றும் தோட்ட நிர்வாகத்தின் இடம்தான், மேனேஜரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. காலை வெயில் ஏறுமுன் போய், வெளிர்நிறக் குடையொன்றை விரித்துத் தலைகீழாகக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை ஒரு கழியால் இரண்டு முறை சட்டென்று தட்டுங்கள். கூன்வண்டுகள் அதிர்ச்சி பட்டதும் காலை மடக்கிக்கொண்டு விழுந்து செத்ததுபோலக் கிடக்கும். குப்பையோடு குப்பையாக உதறிவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் ஒவ்வொன்றாக எழுந்து நடக்கும். பத்துக் கிளைகளைத் தட்டினால் பத்து என்று எழுதுங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பக்கத்து மாமரத்திலும் வேலிச் செடியிலும் அதே எண்ணிக்கையில் தட்டிப் பாருங்கள். மாமரத்தில் பதினைந்தும் அரௌகேரியாவில் ஒன்றும் விழுந்தால், அது எந்த மரத்து வண்டு என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மரத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இலையோரத்தில் பிறைபோன்ற கடி இருக்கிறதா, பட்டையில் பிசின் வடிந்து காய்ந்திருக்கிறதா, ஊசி குத்தியது போன்ற துளைகள் இருக்கின்றனவா, நுனிக்குருத்து வாடித் தொங்குகிறதா? வட அமெரிக்காவில் பிசோடிஸ் ஸ்ட்ரோபி என்ற கூன்வண்டு பைனின் உச்சிக் குருத்துக்குள் முட்டையிட்டு அதைச் சாகடிப்பதால், மரம் கொக்கிபோல வளைந்தும் இரண்டாகக் கவைத்தும் போகிறது. அப்படியொரு வளைவு இருந்தால் வண்டைத் தேடும் முன்பே மரம் கதையைச் சொல்லிவிடும். வாடிய கிளை இருந்தால் ஒரு முழம் வெட்டியெடுத்துப் பட்டையை மெல்ல உரித்துப் பாருங்கள். கூன்வண்டின் புழுவுக்குக் கால் இருக்காது. வெண்மையாக, பிறைபோல வளைந்து, பழுப்புத் தலையோடு இருக்கும். புழுவைப் பார்த்து இனத்தின் பெயரைச் சொல்வது நம்மால் ஆகாத காரியம். அதனால் மீதிக் கிளையை ஒரு வாளிக்குள் வைத்து, வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி, நிழலில் வைத்துக் காத்திருக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். அதிலிருந்து வெளிவரும் வண்டுக்குத்தான் 'இம்மரத்தில் வளர்ந்தது' என்று எழுதும் உரிமை நமக்கு உண்டு. வெளிவருவது மூக்கே இல்லாத சிறு உருளை வண்டாக இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். பட்டை வண்டுகள் என்ற அந்தக் கூட்டமும் வகைப்பாட்டில் கூன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பிடித்த வண்டை என்ன செய்வது? மாணவர்கள் எதிரில் இதைச் சொல்வது சற்றுச் சங்கடம்தான், ஆனால் ஒன்றிரண்டையாவது பாடம் செய்து வைக்காமல் இந்த விஷயம் முடியாது. மூடிய சிறு டப்பியில் போட்டு ஓரிரவு குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் போதும். பொடி பூசிய இனங்களைச் சாராயத்தில் போட்டால் பூச்சின் தோற்றம் கெட்டுவிடக்கூடும். ஒன்றை உலர்த்தி வையுங்கள், இரண்டாவது கிடைத்தால் டிஎன்ஏ சோதனைக்கென்று 95 விழுக்காட்டு எத்தனாலில் போடுங்கள். 12 மில்லிமீட்டர் வண்டுக்கு நேராக ஊசி குத்தலாம். ஊசி வலது இறக்கை உறையின் மேற்பகுதியில் இறங்க வேண்டும், நடுக்கோட்டில் இறங்கினால் அடியிலுள்ள அடையாளங்கள் சிதைந்துவிடும். சிறியவற்றை முக்கோணமாக வெட்டிய கெட்டி அட்டையின் நுனியில் துளிப் பசையால் ஒட்ட வேண்டும். நம் நாட்டு ஈரத்துக்குப் பூசணமும் எறும்பும் கூடவே வரும். என் முதல் பெட்டியை மழைக்காலத்தில் கட்டிலுக்கு அடியில் வைத்து, தீபாவளிக்குத் திறந்தபோது வண்டுகளுக்குப் பதிலாக வெள்ளைப் பஞ்சு உருண்டைகளைக் கண்டேன். இறுக்கமாக மூடும் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வாங்க ஆகும் சில ரிங்கிட்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

ஊசியில் வண்டுக்குக் கீழே குத்தப்படும் சீட்டுதான் பதிவின் உயிர். அதில் நாடு, மாநிலம், ஊர், தோட்டத்துக்குள் எந்த இடம் என்ற வரிசை வேண்டும். ஜிபிஎஸ் எண்களை நான்கு தசம இடம்வரை எழுதுங்கள். நான்காம் தசமம் ஏறக்குறைய 11 மீட்டரைக் குறிப்பதால் பங்களா முற்றத்தின் எந்த மூலை என்பதுவரை தெரியும். இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுத வேண்டும். தாப்பாவுக்கும் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கும் இடையே ஆயிரம் மீட்டருக்கு மேல் வேறுபாடு, வண்டுகளும் அதற்கேற்ப வேறு. தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பூச்சியியலாளர் வழக்கம். இல்லாவிட்டால் 4/12 என்பது ஏப்ரலா டிசம்பரா என்று ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் தலையைச் சொறிவார். அதன் பிறகு மரத்தின் பெயர், பகுதி, முறை: 'அரௌகேரியா, தாழ்ந்த கிளை, தட்டிப் பிடித்தது' என்பது போல. மரத்தின் பெயரில் ஐயம் இருந்தால் ஐயக்குறி போடுங்கள், அது வெட்கமில்லை. பென்சிலால் எழுதுங்கள், வீட்டு அச்சுப்பொறியின் மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். பெயர்ச் சீட்டு இதற்குக் கீழே தனியாக வர வேண்டும்; பெயரைத் தீர்மானித்தவர் யார், எந்த ஆண்டு என்பதும் அதில் இருக்கும். பின்னால் வருகிற அறிஞர் மாற்றுக் கருத்துச் சொன்னால் பழைய சீட்டை எடுக்காமல் தம் சீட்டை அதற்கு அடியில் குத்துவார். ஹைப்போமீசிஸையே பாருங்கள்: நெடுங்காலம் ஸ்குவாமோசஸ் என்று எழுதப்பட்ட இனத்தை இப்போது புல்விகர் என்று எழுதுகிறார்கள். ஊசியில் இருக்கும் வண்டும் இடச்சீட்டும் மாறவில்லை.

பொருளை வைத்திருப்பதன் பயனுக்குத் தென்னையின் சிவப்புக் கூன்வண்டு நல்ல எடுத்துக்காட்டு. முதுகு முழுவதும் செந்நிறமானது ஃபெருஜினியஸ், கருமுதுகில் சிவப்புக் கோடு உடையது வல்னராட்டஸ் என்று முன்பு இரண்டாகப் பிரித்தார்கள். 2004இல் இரண்டும் ஒன்றே என்றார்கள். 2013இல் டிஎன்ஏவைப் பார்த்து மறுபடியும் இரண்டாக்கினார்கள். 2010இல் கலிஃபோர்னியாவின் லகூனா கடற்கரையில் பிடிபட்டுப் பெரிய பரபரப்பை உண்டாக்கிய வண்டு, எல்லாரும் அஞ்சிய ஃபெருஜினியஸ் அன்று, நம் தென்கிழக்காசியப் பகுதியைச் சேர்ந்த வல்னராட்டஸ் என்று அந்த 2013 ஆய்வில்தான் தெளிந்தது. வண்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் கேள்வியை மறுபடியும் கேட்க முடிந்தது. படமும் பெயரும் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பதிவு அப்படியே பிழையாக நின்றிருக்கும்.

பொதுமக்கள் தாம் கண்ட உயிரினங்களின் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றலாம். ஆனால் செயலி முன்வைக்கும் இனப்பெயரைத் தொடாமல், 'கூன்வண்டுக் குடும்பம்' என்ற அளவில் நிறுத்திப் பதிவேற்றுங்கள். மரத்தைத் தனிப் பதிவாக ஏற்றி இரண்டையும் இணைத்துக் குறிப்பெழுதுங்கள். தெரிந்தவர்கள் வந்து பெயரை இறுக்கிக் கொடுப்பார்கள்; மூவரில் இருவருக்கு மேல் ஒத்துக்கொண்டாலும் அது வாக்கெடுப்பே தவிர ஆய்வன்று என்பதை நினைவில் வையுங்கள். பொருளைக் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சிச் சேகரிப்புக்கோ, பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் பூச்சி வகைப்பாட்டு மையத்துக்கோ காட்டலாம். முன்கூட்டியே படத்தோடு எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புவது மரியாதை. புதிய படங்களில் குழல் நீண்டு வளைந்தும், தொடையில் பல்லும், பட்டைக்கடியில் புழுவும் தெரிந்தால் என் ஊகத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, கிளை எதையும் அங்கிருந்து நகர்த்தாமல், மாவட்ட விவசாய இலாகாவுக்கு உடனே தெரிவியுங்கள். அப்போது செயலி சொன்னதற்குப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

பக்கவாட்டுப் படத்தையும் கிளை நுனிப் படத்தையும் எடுத்தவுடன் அனுப்பிவையுங்கள். இடச்சீட்டில் 'பிடித்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம், அந்த மாணவனின் பெயரை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 'பெயரைத் தீர்மானித்தவர்' என்ற சீட்டை இப்போதைக்கு வெறுமையாகக் குத்தி வையுங்கள்.